பிடித்த பூனையை எங்கே விடுவது?

சபதம் எடுப்பதில் சோபாக்காரருக்கு நல்ல பயிற்சி உண்டு. நிறைவேற்றுவதில்தான் ஆள் கொஞ்சம் புதிது.

ஆனால் அன்று காலை எடுத்த சபதம் வேறு ரகம். அதற்குக் காரணம் பல் டாக்டர்.

பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஒரு நீள சோபா வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சோபாக்காரர் பார்த்துப் பார்த்துச் செய்தார். நல்ல ஸ்பிரிங், நல்ல பஞ்சு, பாலாடை நிறத்தில் வெல்வெட். கொண்டுபோய் இறக்கினார். டாக்டரே உட்கார்ந்து பார்த்து, "இதுல உக்காந்தா எழுந்து உள்ள வரவே மனசு வராது போலிருக்கே" என்று பாராட்டினார்.

மறுநாள் காலை அந்த சோபா அழ ஆரம்பித்தது.

மெல்லிய குரலில், விட்டு விட்டு, பரிதாபமாக. காத்திருந்தவர்களுக்கு அது சோபாவின் அழுகை என்று எப்படித் தெரியும்? உள்ளே போனவருக்குப் பல் பிடுங்குகிறார்கள், அவர்தான் அழுகிறார் என்று நினைத்தார்கள். வளர்ந்த மனுஷனையே இப்படி ‘மியூ’ என்று கத்த வைக்கிறார்கள் என்றால் என்ன பிடுங்கு பிடுங்குவார்கள்! ஒருவர் போன் வந்ததுபோல் எழுந்து போனார். இன்னொருவர் போன் வராமலே எழுந்து போனார். டாக்டர் வெளியே வந்து பார்த்தபோது அறை காலி. சோபாவைப் புரட்டிப் பார்த்தார்கள். அடித்துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது. உள்ளே ஸ்பிரிங்குகளுக்கு நடுவே சாம்பல் வரிப் பூனை ஒன்று, குட்டிகளை அணைத்துப் படுத்தபடி, ‘முன்பதிவு செய்துவிட்டு வந்தாயா?’ என்பதுபோல் டாக்டரை முறைத்தது.

சோபா திரும்பி வந்தது. குட்டிகளோடு வந்தது.

"இனிமே இந்தத் தெருவுல ஒரு பூனை இருக்கக் கூடாது!" என்று சோபாக்காரர் கையிலிருந்த ஸ்டேப்ளரைத் தலைக்கு மேல் தூக்கினார். ஸ்டேப்ளர் ‘டக்’கென்று உத்தரத்தில் ஒரு பின்னை அடித்தது. "ஒண்ணு அதுங்க இருக்கணும். இல்ல நான் இருக்கணும்!"

மனைவி சமையலறை வாசலில் தட்டைத் துடைத்தபடி நின்றாள். யோசித்தாள். அந்த யோசனைதான் அவருக்கு வலித்தது.

"என்ன யோசிக்கிற?"

"நீங்கதான் இருக்கணும்ங்க. கேஸ் சிலிண்டரைப் பூனையா தூக்கும்?"

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"பெரிய முடிவுங்க. நாலையும் யோசிச்சுத்தானே சொல்லணும்."

இந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்கள் கோழி கிளறியதுபோல் எழுதிக் கொடுக்கும் சீட்டை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, சரியான மாத்திரையை எடுத்து வைப்பவள். புருஷனைப் படிக்க அவளுக்குச் சீட்டே வேண்டியதில்லை.

"எல்லாத்தையும் பிடிச்சிடலாம்," என்றாள். "எங்க கடைக்குப் பின்னாடி பிராணி ஆஸ்பத்திரி இருக்குல்ல, அந்த டாக்டர் பொண்ணுகிட்ட குடுத்துடலாம். கூண்டு அவங்களே தராங்க."

"யாரு பிடிக்கிறது?"

"நீங்கதான்."

"எனக்குப் பூனை பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"முயற்சி பண்ணினா பிடிக்கும்ங்க."

"எனக்குப் பிடிக்கவே பிடிக்காதும்மா!"

"ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. அப்புறம் தானா பிடிக்கும்."

இது எந்தப் ‘பிடிக்கும்’ என்று அவர் பிரித்துப் பார்ப்பதற்குள் அவள் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எதுவானால் என்ன? ‘டாக்டர்கிட்ட குடுத்துடலாம்’ என்றாளே, அது போதும். கொடுத்தால் போச்சு. கொடுத்த பொருள் கொடுத்ததுதான். சோபாக்காரர் அப்படித்தான் புரிந்துகொண்டார்.

கூண்டு வந்தது. கம்பி வலையில் செய்த நீளப் பெட்டி. ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் மீன் துண்டு, நடுவில் ஒரு தகடு. பூனை தகட்டை மிதித்தால் கதவு விழும். குழந்தைக்குக்கூடப் புரியும். பூனைகளுக்கும் புரிந்துவிட்டது என்பதுதான் சிக்கல். முதல் நாள் மீன் இல்லை, பூனையும் இல்லை, கதவு மட்டும் திறந்து கிடந்தது. இரண்டாம் நாள் ஒரு பூனை கூண்டுக்கு மேலேயே படுத்து வெயில் காய்ந்தது. ஏதோ கோளாறு என்று சோபாக்காரர் மண்டி போட்டு, கையை உள்ளே விட்டு, தகட்டை அழுத்திப் பார்த்தார். கோளாறு இல்லை. பிரமாதமாக வேலை செய்தது.

மனைவி டீயோடு வந்தாள். "மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கிச்சு."

"எதுங்க? வரிப் பூனையா?"

"நானு."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லிப்ட் மெக்கானிக்கின் தலை எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரர். வேலையிலும் சரி, வாழ்க்கையிலும் சரி, அவருக்கு எல்லாமே மேலே கீழேதான். "கதவு சும்மா விழக்கூடாதுண்ணே. ஆள் முழுசா உள்ள போனப்புறம்தான் விழணும். சென்சார் கொஞ்சம் முன்னாடி இருக்கு," என்றார். கதவைத் தூக்கிக் கையை விடுவித்தார். தகட்டையும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தார். அன்று சாயங்காலமே ஒரு பூனை விழுந்தது. அதற்கப்புறம் பூனைகள் விழுந்துகொண்டே இருந்தன.

இங்கே ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் பூனைகள் எல்லாமே சாம்பல் நிறம், எல்லாவற்றுக்கும் வரி. ஒரே துணிக்கட்டில் வெட்டியதுபோல இருக்கும். சோபாக்காரர் மதில்மேல் இருப்பவற்றை இடமிருந்து வலமாக எண்ணினால் ஒரு கணக்கு, வலமிருந்து இடமாக எண்ணினால் இன்னொரு கணக்கு. முதலில் பிடித்ததும் அடுத்து பிடித்ததும் ஒன்றா வேறா என்பது அவருக்கும் தெரியாது, பூனைக்கும் அக்கறை இல்லை.

சோபா ஏற்றும் சின்ன வேனில் கூண்டுகளை வைத்துக்கொண்டு, மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் அப்பாவின் முகம்போல் அவர் முகம் இல்லை, குப்பை கொட்டப் போகிறவரின் முகம்போல் சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். கையெல்லாம் நகக்கீறல். "ரொம்ப நல்ல காரியம் சார்," என்றாள். "ஆண், பெண் ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுவோம். மயக்கத்துல இருக்கும்போதே இடது காது நுனியைத் துளி நறுக்கிடுவோம். ஆபரேஷன் ஆனதுன்னு தூரத்துல பார்த்தாலே தெரியும். ரெண்டொரு நாள் வெச்சுப் பாத்துட்டு, திருப்பி விட்டுடலாம்."

சோபாக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கடைசி வார்த்தைக்கு வந்ததும் தலை பாதியில் நின்றது.

"எங்க விடுறது?"

"அதுங்க இடத்துலதான். உங்க தெருவுல."

"திருப்பி விடுறதா? இது என்ன ரிப்பேருக்கு வந்த சோபாவா, தெச்சு முடிச்சு வீட்டுக்கே டெலிவரி பண்ண? நான் பிடிச்சுக் குடுத்ததே போகட்டும்னுதான்மா!"

மனைவி பொறுமையாகச் சொன்னாள். "ஏங்க, இதுங்களைத் தூக்கிட்டா இடம் காலியாகும். வீடு காலின்னு போர்டு மாட்டினாப்ல. வேற பூனைங்க குடிவந்து, மறுபடி முதல்லேருந்து குட்டி போடும். இதுங்களே இருந்தா புதுசை உள்ள விடாது. குட்டியும் கிடையாது, சண்டையும் கிடையாது, சோபாவுக்குள்ள பிரசவமும் கிடையாது."

சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு எரிச்சல். நியாயமான பேச்சுக்கு எதிராக அவரிடம் எப்போதும் ஒரே ஆயுதம்தான். "சரி சரி" என்று சொல்லிவிட்டு வேறு மாதிரி செய்வது.

"சரி சரி," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டம் போட்டார். காரியம் சுலபம். ஆபரேஷன் ஆனதும் கூண்டுகளைத் தானே போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. வீட்டுக்கு வராமல் வேறு எங்கேயாவது தொலைவில் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டியது. ஆனால் எங்கே?

அந்தக் கவலையையும் மனைவியே தீர்த்து வைத்தாள். பாத்திரம் விளக்கிக்கொண்டே தானாகப் பேசினாள்.

"சில பேர் பண்ற அநியாயத்தைக் கேட்டீங்களா? பிடிச்ச பூனையைக் கொண்டுபோய் ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மீன் மார்க்கெட்ல விட்டுடறாங்களாம். அங்க போன பூனை திரும்பி வரவே வராதாம். அவ்வளவு மீன், எதுக்கு வரப்போகுது? நம்ம அந்தப் பாவத்தையெல்லாம் பண்ணக் கூடாதுங்க. குறிப்பா அந்த ஐஸ் பெட்டி அடுக்கி வெச்சிருக்கிற பின்பக்க வாசல்ல. அங்க விட்டா அவ்வளவுதான்."

"சேச்சே, யாரு அப்படிப் பண்ணுவா!" என்றார் சோபாக்காரர். பின்பக்க வாசல், ஐஸ் பெட்டி என்று மனதில் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

"கூண்டை எடுக்க நானே போறேன்," என்றார் மறுநாள், ரொம்ப சாதாரணமாக.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"என்ன சிரமம்? பிடிச்சவன் விட வேண்டாமா?"

"எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!" என்றாள் மனைவி. "ஒண்ணே ஒண்ணு. கூண்டு மேல துணி போட்டு மூடித் தருவாங்க. வழியில திறந்து பாத்துடாதீங்க. வெளிச்சம் பட்டா மிரண்டு துள்ளும், தையல் பிரிஞ்சிடும். தையலோட அருமை உங்களுக்குத் தெரியாததா?"

டாக்டர் பக்கவாட்டு வாசலில் கூண்டுகளைக் கொடுத்தாள். பச்சைத் துணி போர்த்தியிருந்தது. உள்ளே ஒரு முணுமுணுப்பு. "பத்திரமா அதுங்க இடத்துலயே விட்டுடுங்க சார்."

"அதுங்க இடத்துலதான்," என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு சிரித்துக்கொண்டார்.

பாலம் தாண்டினார். மார்க்கெட்டின் பின்பக்க வாசல், ஐஸ் பெட்டிகள், எல்லாம் மனைவி சொன்னபடியே இருந்தன. அக்கம்பக்கம் பார்த்தார். துணியை விலக்கிக் கதவைத் தூக்கினார். சாம்பல் வரிப் பூனை, காது நுனி நறுக்கியிருந்தது. புது இடத்தில் மிரண்டு ஓடும் என்று எதிர்பார்த்தார். அது மிரளவில்லை. சோம்பல் முறித்தது. நிதானமாக நடந்துபோய் ஒரு மீன்கடைப் பலகைக்கு அடியில், ஏதோ பெயர் எழுதி ஒதுக்கிய இடம்போல், உட்கார்ந்தது.

"வந்துட்டியாடி வயித்துக்காரி!" என்றாள் கடையிலிருந்த மீன்கார அம்மா.

சோபாக்காரர் திடுக்கிட்டார். மீன்கார அம்மா பூனையின் காதைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க தம்பி," என்று சொல்லி, பெரிய மீன் ஒன்றை இலையில் சுற்றி அவர் கையில் வைத்தாள்.

திருட்டுத்தனமாகப் பூனையைக் கொண்டுவந்து கொட்டியவனுக்கு ஆசீர்வாதமா? அதுவும் மீனோடு? சோபாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த மார்க்கெட்காரர்களுக்குப் பூனை என்றால் உயிர் போலிருக்கிறது, நம் கைக்கும் உறுத்தல் இல்லை என்று தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டை ஒட்டிய பட்டறை வாசலில், பாதி தைத்த நாற்காலியின்மேல், காது நறுக்கிய சாம்பல் வரிப் பூனை படுத்திருந்தது.

கண்ணைக் கசக்கினார். பூனையும் முன்னங்காலால் கண்ணைத் தேய்த்தது.

"ஏங்க, நீங்க கொண்டுவந்து விட்டது எப்படி சமத்தா படுத்திருக்கு பாருங்க!" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"நா... நான் விட்டதா?"

"பின்ன யாரு விட்டா? காலையில நீங்கதானே எடுத்துட்டு வந்தீங்க?"

இதற்கு என்ன சொல்வது? ‘நான் விடவில்லை’ என்றால் ‘எங்கே விட்டீர்கள்’ என்பாள். "ஆமா ஆமா. நான் விட்டதுதான்," என்றார். குரல் அவருடையதுபோலவே இல்லை.

"கையில என்னங்க?"

"மீனு."

"பூனைக்கு வாங்கிட்டு வந்தீங்களா? உங்களைப் போய்ப் பூனை பிடிக்காதவர்னு சொல்றாங்களே!"

மதிலோரம் போய் லிப்ட் மெக்கானிக்கிடம் மறைமுகமாக விசாரித்தார். "ஒரு பூனையை ரொம்ப தூரத்துல விட்டா, வண்டிக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுமாய்யா?"

"வரும்ணே. லிப்ட் மாதிரிதான். எந்த மாடிக்குப் போனாலும் ஆள் இறங்கினதும் கீழ் தளத்துக்குத் தானா வந்துடும். உள்ளயே ஒரு செட்டிங் இருக்கு."

செட்டிங்கைக் கலைத்துவிட வேண்டியதுதான். அடுத்த முறை நேர்வழியில் போகவில்லை. பூனைக்குத் திசை குழம்ப வேண்டுமென்று ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். சந்துக்குள் புகுந்து, பின்னால் வந்து, மறுபடி புகுந்தார். பூனை குழம்பியதோ இல்லையோ, அவர் குழம்பிவிட்டார். மார்க்கெட்டுக்கு வழி கேட்டுக்கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது, மீன்கார அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "என்ன தம்பி இன்னைக்கு லேட்டு? உக்காருங்க. முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு," என்றாள்.

இன்னைக்கு லேட்டா? நான் வருவேன் என்று இவளுக்கு யார் சொன்னார்கள்?

கூண்டுகளைத் திறந்தார். பூனைகள் இறங்கி, ஆளுக்கொரு கடையாகப் பிரிந்து போயின. வீட்டுக்கு வந்தார். மதில்மேல் காது நறுக்கியவை வரிசையாக உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தன.

சோபாக்காரர் தரையில் குப்புறப் படுத்து வேனுக்கு அடியில் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே தட்டிப் பார்த்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஸ்டெப்னி."

"ஸ்டெப்னியை ‘ப்ஸ் ப்ஸ்’னா கூப்பிடுவாங்க?"

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் மூளையின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை மார்க்கெட்டுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து விட்டுவிடுகிறேனா? அப்படியானால் மீன் எங்கிருந்து வந்தது? மீனும் பிரமை என்றால், நேற்றுச் சாப்பிட்டது என்ன?

நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. துணியில் கோடு போட அவர் வைத்திருக்கும் நீலச் சாக்குக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கூண்டை வாங்கி, ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, துணிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வாலைப் பிடித்தார். நீலமாகத் தேய்த்தார். புறங்கையில் ஒரு கீறல் வாங்கிக்கொண்டார். பரவாயில்லை. இனி இது அதுதானா, இல்லை வேறா என்று தெரிந்துவிடும். பாலம் தாண்டினார், நீல வாலை மார்க்கெட்டில் இறக்கினார், ஒரே விரட்டாக வீட்டுக்கு வந்தார்.

பட்டறை வாசலில் நீல வாலோடு ஒரு பூனை நின்றது.

சோபாக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பூனை வந்து அவர் முழங்காலில் உரசி, அவர் வேட்டியிலும் கொஞ்சம் நீலத்தை வைத்துவிட்டுப் போனது.

"ஐயையோ, வால்ல என்னங்க நீலமா?" என்றாள் மனைவி. "ஆபரேஷன் பண்ணினா இப்படி ஆகுமோ?"

"ஆகாது... ஆகும்... எனக்கு எப்படித் தெரியும்!"

"ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கீங்க? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? மாத்திரை ஏதாவது தரவா?"

"ஒரே பூனை ரெண்டு இடத்துல இருக்க முடியுமா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"எந்த ரெண்டு இடத்துலங்க?"

"இல்ல... பொதுவா கேட்டேன்."

"பொதுவா முடியாதுங்க," என்று மனைவி அக்கறையோடு சொன்னாள். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். அந்த அக்கறைதான் அவரை உடைத்தது. இவ்வளவு நல்லவளிடம் மறைத்துவிட்டோமே என்று உறுத்தியது. ஆனால் சொல்லவும் தைரியம் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் மார்க்கெட்டுக்கே போனார். அந்த இடம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது என்று முடிவு.

இருந்தது. ஐஸ் பெட்டி இருந்தது. மீன்கார அம்மா இருந்தாள். அவள் பலகைக்கு அடியில் நீல வால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

சோபாக்காரர் குனிந்து பார்த்தார். பூனையின் காதைப் பார்த்தார். தன் புறங்கைக் கீறலைப் பார்த்தார். "அம்மா," என்றார் ஈனக்குரலில், "இந்தப் பூனை இன்னைக்கு இங்கேருந்து எங்கயாவது போச்சா?"

"அது எங்க போகும் தம்பி? பொறந்ததுலேருந்து இந்தப் பலகைக்கு அடியிலதானே கிடக்கு. உங்க வீட்டம்மா வந்து பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனப்பதான் ரெண்டு நாளு இல்ல. அதான் காலையில நீங்க கொண்டுவந்து விட்டுட்டீங்களே."

"எங்க வீட்டம்மாவா?"

"மருந்துக்கடை அம்மாதானே? வாரா வாரம் மீன் வாங்க வருவாங்களே. எங்க பூனைங்க குட்டி போட்டுப் போட்டு நாறுதுன்னு சொன்னேன். அந்த டாக்டர் பொண்ணையும் கூட்டிட்டு வந்து, ஒவ்வொண்ணா பிடிச்சாங்க. திருப்பிக் கொண்டாரதுக்குத்தான் வண்டி இல்லன்னு கஷ்டப்பட்டாங்க. அப்புறம், ‘எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து விடுவார், அவர்கிட்ட மட்டும் ஒண்ணும் பேச்சுக் குடுக்காதீங்க, நல்லது செஞ்சா வெளிய தெரியக் கூடாதுன்னு நினைக்கிறவர், ரொம்பக் கூச்சப்படுவார்’னு சொன்னாங்க." மீன்கார அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடடா, நானே பேசிட்டேன் பாருங்க."

சோபாக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மெதுவாக, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. ஆஸ்பத்திரி அவர் தெருவிலிருந்து நடந்துபோகிற தூரம். அவர் மார்க்கெட் பூனைகளை மூடிய கூண்டில் ஏற்றிக்கொண்டு ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் தெருப் பூனைகளை ஒரு கையில் கூண்டும் ஒரு கையில் குடையுமாக நடந்தே கொண்டுவந்து விட்டிருக்கிறாள். துரோகம் என்று நினைத்து அவர் செய்தது அத்தனையும் சம்பளம் வாங்காத டிரைவர் வேலை.

ஆனால் அந்த நீல வால்?

வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் முதலில் கேட்டார்.

"சாக்குக்கட்டியைப் பையில போட்டுக்கிட்டுப் போனீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடி. "பெட்டியில இன்னொரு கட்டி இருந்துச்சு. எந்த இடத்துல தேச்சீங்கன்னு மட்டும்தான் தெரியல. முதுகா, வாலான்னு. துணிக்கு அடியில கையை விட்டா வால்தானே அகப்படும்னு குத்துமதிப்பா தேச்சேன்."

"நான் பைத்தியமாயிட்டேன்னு நினைச்சேன்டி!"

"அதுக்குத்தான் நெத்தியைத் தொட்டுப் பாத்தேன்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? ‘ஏங்க, மார்க்கெட் பூனையைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க’ன்னு?"

"கேட்டிருந்தா போயிருப்பீங்களா?"

சோபாக்காரர் வாயைத் திறந்தார். நேர்மையான மனிதர். மூடிக்கொண்டார்.

"மார்க்கெட்ல விடாதீங்கன்னேன். உடனே போனீங்க," என்றாள் அவள். குரலில் கேலிகூட இல்லை. மருந்தின் அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

"இனிமே நான் கூண்டைத் தொட மாட்டேன்," என்றார் அவர். "வண்டி சோபாவுக்கு. பூனைக்கில்ல. இது முடிவு."

"சரிங்க."

அத்துடன் அவர் பட்டறைக்குப் போய்விட்டார். உண்மையைச் சொன்னால், பூனைத் தொல்லை தீர்ந்துதான் போயிருந்தது. மதிலில் சண்டை இல்லை, ஊளை இல்லை. பல் டாக்டரின் சோபாவுக்குப் புது அடித்துணி போட்டுத் திருப்பிக் கொடுத்தாயிற்று. குட்டிகளில் ஒன்றை அந்த ஆஸ்பத்திரி நர்ஸே கேட்டு வாங்கிக்கொண்டாள், மற்றவற்றை லிப்ட் மெக்கானிக் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வேறு ஆளாக இருந்தால் இவ்வளவு நிம்மதிக்குச் சந்தோஷப்பட்டிருப்பான். சோபாக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆணி அடித்தார்.

மூன்றாம் நாள் காலை மனைவி போனில் பேசுவது பட்டறைக்குக் கேட்டது.

"இல்ல டாக்டர், அவர் வர மாட்டார். சேச்சே, கோவமெல்லாம் இல்ல. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி அந்தச் சந்து இருக்கு பாருங்க, வண்டியை முழுக்க ரிவர்ஸ்லயே எடுத்துட்டுப் போகணும். அவருக்கு ரிவர்ஸ் அவ்வளவா வராது. மார்க்கெட்டுன்னா நேர் ரோடு, எப்படியோ சமாளிச்சுட்டார். இதுக்கு நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளாத்தான் பாக்கணும்..."

சோபாக்காரர் சுத்தியலோடு வாசலுக்கு வந்தார். "யாருக்கு ரிவர்ஸ் வராது?"

"உங்களை இல்லங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"மூணாள் சோபாவை மாடிப்படி வாசல் வரைக்கும் ரிவர்ஸ்லயே கொண்டுபோய் நிறுத்தினவன் நானு! எனக்கு ரிவர்ஸ் வராதா?"

"அது அந்தக் காலங்க. இப்ப கண்ணும் முன்ன மாதிரி இல்ல..."

சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆணி மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கூண்டுகளை ஏற்றினார். டிப்போவுக்குப் போனார். சந்து உண்மையிலேயே குறுகல்தான். இரு பக்கமும் சுவர், ஒரு விரல் இடைவெளி. சோபாக்காரர் கண்ணாடியைத் திருப்பினார், மூச்சைப் பிடித்தார், ஒரு இடத்தில்கூட உரசாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சந்து அகலமாகும் டிப்போ வாசல் வரை வண்டியை இறக்கினார். சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பூனைகூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நயமான ரிவர்ஸ். பார்க்க ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

ஆள் இருந்தார். டிப்போ வாட்ச்மேன் வாசற்கதவைத் திறந்து வைத்து, பூனைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து, காத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க," என்றார் வாட்ச்மேன். "இன்னைக்குக் காலையில நீங்க ரிவர்ஸ்லயே வருவீங்கன்னு அக்கா போன வாரமே சொல்லிட்டாங்க."